தப்பாக வரைந்த பைக்

போன வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து நாட்கள் தொடங்கிய வாரத்தில் என் கணவருக்குப் பேச்சு நின்றுபோனது. அன்று நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளுக்கு டிராயிங் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இராஜபாளையத்திலிருந்து மகள் ஜெனி போன் செய்தாள். "அம்மா, அப்பாவுக்கு வாய் கோணிக்கிச்சு. பேச்சே வரல. சீக்கிரம் வாங்கம்மா!" டவுன் பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று வந்தது. "இயேசப்பா, இயேசப்பா" என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கை, வலது கால் பலமில்லாமல் போயிருந்தன. "பேச்சு வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

என் கணவர் செல்வராஜ் நூல் மில்லில் ஃபிட்டர். மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர். சாயங்காலம் அவர் குடும்ப ஜெபம் செய்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். அந்த மனிதர் கட்டிலில் ஊமையாய்க் கிடந்தார். வீடு பயமுறுத்தியது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே படம் வரைவது என்றால் உயிர். பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் கழித்துப் போட்டதை வாங்கி வந்து, மைதாப் பசை தடவி, மொட்டை மாடியில் காயப்போட்டு, அதில்தான் ஞாயிறு பள்ளிக்குப் படம் வரைவேன். "காயத்துக்குக் கட்டுற துணியில கலரடிச்சிக்கிட்டு இருக்கா பாரு" என்று அவர் கேலி செய்வார். அந்தக் கேலியைத் திரும்பக் கேட்க மாட்டோமா என்று ஏங்கினேன்.

தண்ணீர், ஃபேன், பாத்ரூம், தலையணை என்று அட்டைகளில் வரைந்து கொடுத்தேன். தேவையானதை இடது கையால் தொட்டுக் காட்டுவார். பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, "அட்டை மட்டும் போதாது, பேச வைங்க" என்றார். ஆனால் கிறிஸ்துமஸ் கேரல் பாட வந்தவர்கள் முன்னால் ஒருமுறை அவர் வாயைத் திறந்தபோது "தத்தத்தா" என்றுதான் வந்தது. வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர், அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை.

அவருக்குப் பிடித்ததையெல்லாம் வரைந்து பார்த்தேன். மலையடிவாரக் கண்மாய், கைக்குழந்தையாக ஜெனி, புயலில் படகில் நிற்கும் ஆண்டவர். பார்ப்பார், கண் கலங்கும், அவ்வளவுதான். அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். "ஆண்டவரே, நீர் தந்த இந்தக் கையால் இதற்குமேல் என்ன செய்வேன்? அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை தாரும்."

கோடை விடுமுறை வந்தது. சபைப் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த, மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பெரிய படம் கேட்டார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டி, கழுதையில் ஏற்றிப்போனவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன கதை. "கழுதை எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கக்கா தெரியுது? பைக்கா வரைஞ்சிருங்க" என்றார் போதகரம்மா. என் கணவரைத் தனியே விட்டுப் போக முடியாததால், கட்டிலுக்கு எதிரிலேயே துணியை விரித்து வரைந்தேன்.

பைக்குக்குக் கிக்கர் வரைந்து முடித்தபோது கட்டிலிலிருந்து "ம்ம்... ம்ம்" என்று சத்தம் வந்தது. தண்ணீர் அட்டையைக் காட்டினேன். இல்லையென்று தலையை ஆட்டினார். ஃபேன் அட்டையும் இல்லை. பாத்ரூம் அட்டையைக் காட்டியதும் இடது கையால் ஓங்கித் தட்டிவிட்டார். அட்டைகள் தரையெல்லாம் சிதறின. எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னதான் வேணும்? சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

"அந்தப் பக்கம் இல்லட்டி!"

தோசைக் கரண்டியோடு ஜெனி ஓடி வந்தாள். "யாரும்மா? அப்பாவா பேசுனது?"

வலது பக்கம் இருக்க வேண்டிய கிக்கரை நான் இடது பக்கம் வரைந்திருந்தேன். இத்தனை வருடம் அவர் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போனவளுக்கு அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை! ஒவ்வொரு ஞாயிறும் அந்த பைக்கைத் துடைத்துத் துடைத்து வைத்தவருக்குப் பொறுக்கவில்லை. நானும் ஜெனியும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம். அவர் மட்டும் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அழகாக வரைந்ததற்குக் கண்ணீர்தான் வந்தது, தப்பாக வரைந்ததற்குப் பேச்சு வந்தது. மறுநாள் முதல் வேண்டுமென்றே தப்பாக வரைந்தேன். ஒரு கோடு கோணினாலும் அழித்துவிட்டு மறுபடி வரைகிறவள் நான். எனக்கு அது லேசான காரியமில்லை. சீட்டுக்கு அடியில் ஹாரன் வைத்தேன். ஆட்டோவுக்கு நாலு சக்கரம் போட்டேன். ஜெனிக்கு மீசை வைத்தேன். "ஹா... ஹாரன்... மேல" என்பார். "ஏட்டி, கிறுக்கச்சி" என்பார். கிறுக்கச்சி மட்டும் முதல் நாளிலிருந்தே திக்காமல் வந்தது! பயிற்சி அம்மா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "இதையே செய்யுங்க" என்றார்.

வி.பி.எஸ். கடைசி நாளில் அவரைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல நான் எழுந்தபோது என் சேலையைப் பிடித்து இழுத்து, "நான்" என்றார். "ஸ்தோத்திரம்" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அத்தனை பிள்ளைகளும் அசையாமல் காத்திருந்தார்கள்.

இன்னும் எல்லா வார்த்தையும் வரவில்லை. வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது எங்கள் குடும்ப ஜெபத்தை அவர்தான் முடிக்கிறார். "ஆண்டவரே... ஜெனி... நல்லா... இருக்கட்டும்." அதற்கு நாங்கள் சொல்கிற ஆமென்தான் இப்போது அடுத்த தெருவுக்குக் கேட்கிறது.

இதை வாசிக்கிற சகோதரியே, உங்கள் வீட்டிலும் யாராவது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாம். ஜெபிப்பதை விட்டுவிடாதீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்த வேலையையும் விட்டுவிடாதீர்கள். நான் கேட்டது ஒரு வார்த்தைதான். கொடுக்கிறவர் ஒன்றோடு நிறுத்தவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து சத்தம் வருகிறது, காபி ஆறிப்போயிற்றாம். திட்டு வாங்கப் போகிறேன், ஸ்தோத்திரம்!