ஐம்பதாம் நம்பர் ஆயில்

திருவனந்தபுரம் திருக்கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலத்தில் நான் அங்கே கரமனையில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டினேன். பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிது எடுத்திருந்தேன். சத்தமே இல்லாத எஞ்சின். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. நம்பர் ஏற ஏற ஆயில் கெட்டி. வண்டியோடு வந்த புத்தகத்தில் முப்பதாம் நம்பர்தான் என்று அச்சடித்திருந்தது. சாலை பஜார் கடைக்காரரும் அதையே எடுத்து வைத்தார். நான் ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். எங்கள் அக்ரகாரத்தில் நல்லெண்ணெய் வாங்குவது அப்படித்தான். பிசுக்கென்று ஒட்டினால் நயம், வழிந்தோடினால் கலப்படம். இது தண்ணீராக ஓடியது.

"இது வேண்டாம். பழைய வண்டிக்கு விட்ட ஐம்பதையே தாங்கோ."

"சாமி, அது தேய்ஞ்ச எஞ்சினுக்கு. இது புதுசாக்கும், உள்ளே இடைவெளி குறைவு. முப்பது மதி, அது போதும்."

"புஸ்தகம் எழுதினவன் பனியில இருக்கறவன். நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியாத்தான் வேணும்."

இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த திமிர். படித்ததை நம்பாத திமிர் வேறு. அவர் ஐம்பதை எடுத்துக் கொடுத்தார்.

ஊருக்குள் ஓடியவரை ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் எந்த ஆயிலும் இளகிவிடும். அது தெரியாமல் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்திம்பேருக்குப் பொன்முடியில் தேயிலைத் தோட்ட ஆபீஸில் வேலை. அக்கா நிறைமாதம். பிரசவத்துக்கு அவளைக் கூட்டிவர முந்தின நாளே மலைக்குப் போயிருந்தேன். விடிகிற நேரத்தில் அவளுக்கு வலி கண்டது, கூடவே உதிரப்போக்கு. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர்.

ஸ்டார்ட்டர் முனகி ஓய்ந்தது. முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றித்தான் வண்டி கிளம்பியது. சூடாகட்டும் என்று காத்திருக்க மனம் வரவில்லை, விரட்டினேன். இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் எஞ்சினுக்குள் சுத்தியால் அடிப்பதுபோல் கேட்டது. மூன்றாவதில் இறுகி நின்றுவிட்டது.

"ஏண்டா நின்னுடுத்து?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லேக்கா, இதோ."

கைப்பிடி அசையவே இல்லை. அத்திம்பேர் லாரி தேடித் தோட்டத்துக்கு ஓடினார். லாரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அக்கா ஆஸ்பத்திரிவரை தாங்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை.

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் கருகிய பேரிங்கை என் கையில் வைத்தார். குளிரில் ஆயில் குழம்பாகிவிட்டது, அது வந்து சேருமுன் இரும்பும் இரும்பும் உரசியிருக்கிறது என்றார். "ஆரு சாமி இந்த ஆயில் விட்டது?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அத்திம்பேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வண்டிக்கு என்ன கேடாம்?"

"மிஷின்தானே அத்திம்பேர். எப்போ என்ன ஆகும்னு யார் கண்டா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. வண்டியில ஏறறச்சே அவ என்ன சொன்னா தெரியுமா? தம்பி வந்துட்டான், இனிமே பயமில்லைன்னா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்திம்பேர் போய்ப் பல வருஷமாகிறது. இனிச் சொல்ல ஆளும் இல்லை.