டெர்மினல் கழற்றிக் கிடந்த ஜீப்

எங்கள் கிணற்றில் முனி இருக்கிறது என்று சொன்னவர்களைக் கரையில் நிற்கவைத்து, உச்சி வெயிலில் அதே கிணற்றில் குதித்துக் குளித்துக் காட்டியவன் நான். அதனால் இதைக் கேட்டுவிட்டு என்னைப் பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற பக்கம் எங்கள் காடு, கரிசல் மண், வீடும் காட்டுக்குள்தான். மழை பெய்தால் ரோட்டுக்கு வருகிற பாதை முழுக்கக் களியாகிவிடும், பைக் போகாது, ஆட்டோக்காரர் எட்டியே பார்க்கமாட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற எங்கள் பழைய டீசல் ஜீப் ஒன்றுதான் போகும். என் மனைவி செல்விக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஜீப்பின் எஞ்சின் சீஸ் ஆகி, உள்ளே இறுகிப்போய் நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

மெக்கானிக் முருகையா அண்ணாச்சி என்னை மதுரையில் ஒரு காயலான் கடைக்குக் கூட்டிப்போனார். உடைப்புக்கு வந்த ஜீப்பிலிருந்து கழற்றிய எஞ்சின் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம், பழைய எஞ்சின் வாங்கும்போது அது எந்த வண்டியில் ஓடியது என்று கேட்கமாட்டார், கேட்கவும் விடமாட்டார். நான் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். மலைக்கிராமத்திலிருந்து பிரசவத்துக்கு ஆள் ஏற்றிய வண்டி என்றார் கடைக்காரர்.

“கேக்காதீரும்னு சொன்னேம்லா வே?” என்று அண்ணாச்சி எரிந்து விழுந்தார்.

எஞ்சினை மாட்டியாயிற்று. ஆனால் வயரிங்கில் எங்கோ கரண்ட் லீக், பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது. “நிப்பாட்டுனதும் டெர்மினலக் கழட்டி வச்சிரும்” என்றார் அண்ணாச்சி. அதன்படி தினமும் பேட்டரி வயரின் ஒரு டெர்மினலைக் கழற்றி, கைலித் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைப்பேன்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. காலை பத்து மணி இருக்கும், தோசை தின்றுகொண்டிருக்கிறேன், கொட்டகையில் ஜீப் ஸ்டார்ட் ஆகிற சத்தம். எவனோ வண்டியைத் தூக்குகிறான் என்று எச்சில் கையோடு ஓடினேன். ஒரு ஆள் இல்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. எஞ்சினை நிறுத்த ஸ்டாப்பர் குமிழை இழுக்கப் போன நேரத்தில் உள்ளேயிருந்து செல்வி கத்தினாள்.

“ஏங்க, பனிக்குடம் ஒடஞ்சிட்டு! சீக்கிரம் வாங்க!”

சாவியையும் எடுத்துக்கொண்டு, அவளைத் தூக்கி உட்காரவைத்து, அந்தக் களிக்குள் ஆஸ்பத்திரிவரை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. குழந்தை கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் சிரமம் என்று டாக்டரம்மா சொன்னார். மகள் அழுத சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்து வண்டியை நிறுத்தினேன்.

சாயங்காலம் பால் வாங்கப் போகலாம் என்று சாவியைத் திருகினால் ஒன்றுமே இல்லை. பானட்டைத் திறந்தேன். டெர்மினல் கழன்று கிடக்கிறது. சுற்றிய கைலித் துணியும் நான் போட்ட முடிச்சும் அப்படியே இருக்கின்றன. டீசல் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஓடும், ஆனால் ஸ்டார்ட் ஆவதற்குப் பேட்டரி வேண்டும். பானட்டை மூடிவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

அண்ணாச்சி வந்து பார்த்தார். முடிச்சைத் தொடக்கூட இல்லை. “இனிமே இந்த எஞ்சினத் தெறக்கச் சொல்லி என்னக் கூப்புடாதீரும்” என்று கிளம்பிவிட்டார்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. பயத்தில் பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன், வேண்டும்போது மட்டும் மாட்டுவேன். போன செவ்வாய்க்கிழமை, சுள்ளென்று வெயில், காலை பத்து மணி. கொட்டகையில் ஜீப் ஸ்டார்ட் ஆனது. பேட்டரி கட்டிலுக்கடியில்தான் இருந்தது, குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஓடினேன்.

செல்வி நன்றாக இருந்தாள், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல், ஓடுகிற வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் பார்த்தார்கள். ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சிரித்தார். அப்பாடா என்று, நிறுத்தாமல் விட்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த செல்வி கேட்டாள். “ஒங்களப் பாத்தாங்களா?”

இன்னும் போய்க் காட்டவில்லை.