குள்ளன் தலைக்கு மேல் போகாத அம்பு

எவர்சில்வர் தட்டில் பகடை உருளும் சத்தம்... ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றாலே இன்றைக்கும் எனக்கு அதுதான் காதில் விழுகிறது.

எண்பதுகளின் நடுவில். மதுரை கோரிப்பாளையத்தில் ஜமீலா வீட்டு மொட்டை மாடி. தலைக்கு மேலே கீற்றுக் கொட்டகை, கீழே ரோட்டில் ஓயாத பஸ் ஹாரன், பாய் விரித்து நாங்கள் மூன்று பேர். ஜமீலா, ராஜேஸ்வரி, நான். மூவருமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். வாரம் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊராருக்கு வெளியூர் டிரங்க் கால் போட்டுக் கொடுப்போம். ஞாயிறு மதியம் மட்டும் ராட்சசர்களோடு சண்டை.

கப்பலில் வேலை பார்த்த ஜமீலாவின் அண்ணன் லண்டனிலிருந்து வாங்கி வந்த போர்டு கேம் அது. அட்டை முழுக்கப் பாதாளக் கோட்டை, கட்டம் கட்டமாக அறைகள், விரல் உயரத்தில் ஈயப் பொம்மைகள். நான் கோடரி வைத்த குள்ளன். ராஜேஸ்வரி வில்லாளி. ராட்சசர்களை நகர்த்துவது ஜமீலா. ரூல் புக்கும் அவள் கையில்தான்.

கோடரியால் தகராறே கிடையாது. பக்கத்துக் கட்டத்தில் நிற்பவனை வெட்டலாம், முடிந்தது. வம்பெல்லாம் வில்லால்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியும் எந்த எதிரி மீதும் அம்பு விடலாம் என்று மட்டும் இங்கிலீஷில் போட்டிருந்தது.

சரி... சுவர் மூலையில் பாதி தெரிந்தால்?

தையல் மெஷினிலிருந்து நூல் எடுத்து வந்து, கட்டத்துக்குக் கட்டம் இழுத்துப் பிடித்துப் பார்ப்போம். நூல் சுவரில் பட்டால் அம்பு போகாது. அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ராஜேஸ்வரி எழுந்து போய் ராட்சசன் மாதிரி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்பாள். "மூக்கு மட்டும் தெரியுதுடி" என்பாள் ஜமீலா. மூக்கில் அடித்தால் ராட்சசன் சாவானா என்று அதற்கும் ஒரு விவாதம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

ராஜேஸ்வரிக்கு ஊர் அலங்காநல்லூர். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அம்மா இல்லை. டியூட்டி முடிந்து பஸ் பிடித்துப் போய் அவருக்குக் கஞ்சி கொடுத்துத் துடைத்துவிட்டு, காலையில் மறுபடி பஸ். நைட் டியூட்டி விழுந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்வாள். பெரும்பாலும் அந்த யாராவது ஜமீலாதான். முகம் சுளிக்காமல் அந்த நைட்டையும் பார்த்தாள். ஆனால் அவளும் களைத்துப் போயிருந்தாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த ஞாயிறு கடைசி அறைக்கு வந்திருந்தோம். குறுகலான நடை. அதன் முடிவில் பெரிய ராட்சசன். அவனுக்கு எதிரே உயிர் போகிற நிலையில் என் குள்ளன். எனக்கு நேர் பின்னால் ராஜேஸ்வரியின் வில்லாளி. அவள் அம்பு விட்டால் பிழைப்போம். இல்லையென்றால் அத்தனை வாரம் ஆடியதும் போச்சு.

நடுவில் குள்ளன் நிற்பதால் மறைக்கும் என்றாள் ஜமீலா.

"அவன் இடுப்பு ஒசரந்தான இருக்கான்... தலைக்கு மேல அம்பு போகாதாக்கும்?"

"புக்குல ஒசரமெல்லாம் போடல. கட்டத்துல ஆள் நின்னா மறைக்கும். அம்புட்டுதான்."

மறைக்கும் என்றும்தான் போடவில்லை என்றாள் ராஜேஸ்வரி. புத்தகம் கை மாறிக் கை மாறிப் போனது. அந்த வாக்கியத்தை மாற்றி மாற்றி வாசித்தார்கள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது.

ஜமீலா புத்தகத்தை மூடினாள்.

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு சலுகை வேணும். டியூட்டில வாங்குறது பத்தாதா?"

சொன்னதுமே அவள் முகம் மாறிவிட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

ராஜேஸ்வரி வில்லாளியை எடுத்துப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று என்னைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு ஜமீலாவின் பக்கத்து சீட். "அந்த லைனைக் கொஞ்சம் பாருங்க" என்றாள் ராஜேஸ்வரி. வாடி போடி என்று பேசியவள்... அந்த 'ங்க'வைக் கேட்டு ஜமீலா பாத்ரூமில் போய் அழுதாள். பிறகு அவளிடம் ராஜேஸ்வரி டியூட்டி மாற்றிக் கேட்கவே இல்லை. மற்றவர்களிடம் கெஞ்சினாள். கிடைக்காத நாட்களில் லீவு போட்டாள். லீவும் தீர்ந்தபோது வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜமீலா அப்போது ஒரு டிரங்க் காலில் மாட்டியிருந்தாள். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினாள். கால் முடிந்து திரும்பியபோது ராஜேஸ்வரி இல்லை.

பொங்கலுக்கு அலங்காநல்லூர் போய் நேரில் பேசிக்கொள்ளலாம் என்றாள் ஜமீலா. அந்தப் பொங்கலுக்குப் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், டிரான்ஸ்பர்... அலங்காநல்லூருக்கு மதுரையிலிருந்து எம்புட்டு தூரம், சொல்லுங்கள்?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒருவரை ராஜேஸ்வரியின் மகன் என்று அறிமுகம் செய்தார்கள். அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். அம்மா தவறிவிட்டார்களே, தெரியாதா என்று கேட்டார். அம்மாவோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்று நான் சொன்னதும், "அம்மா அந்த வேலையப் பத்தி வீட்ல பேசுனதே இல்லைங்க" என்றார்.

என் பேரன் கம்ப்யூட்டரில் இதே மாதிரி ஒரு ஆட்டம் ஆடுகிறான். அம்பு போகுமா, மறைக்குமா என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. அவனிடம் எங்கள் பழைய கேமைத் தேடச் சொன்னேன். ரூல் புக்கின் அடுத்த பதிப்பு கிடைத்தது. வாசித்துக் காட்டினான். நடுவில் நண்பன் நின்றால் என்ன செய்வது என்பதை ஆடுபவர்களே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளலாமாம்.

ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு, காலையில் கோயம்புத்தூரில் இருக்கும் ஜமீலாவுக்கு போன் போட்டேன். முதலில் சாவைச் சொன்னேன். பிறகு இந்த ரூலையும் சொன்னேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"போயிட்டுப் போகுதுன்னு விட்டிருக்கலாம்டி" என்றாள். "ஒரு அம்புதான..."