ஏ முதல் எம் வரை

கடினமான ஆங்கில வார்த்தைகளை விற்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வாங்கிக்கொண்டு போனவர் எவரும் 'இது ஓடவில்லை, மாற்றிக் கொடு' என்று திரும்பி வருவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் தொண்ணூறுகளின் கடைசியில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பெட்டி தூக்கினேன். கிழக்கேகோட்டையில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில், அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்களின் நுழைவுப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம். கணக்குக்கு ஒருவர், வார்த்தைக்கு நான். தெரியாததைத் தெரிந்த முகத்தோடு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய சக பாவிகளே, உங்களிடம் எனக்கென்ன வெட்கம்?

மறுபடியும் 'ஏ'

எங்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள், அகராதி வரிசையில். நாளுக்கு முப்பது. அந்தக் கணக்குப்படி நாலைந்து மாதத்தில் 'இசட்' வந்திருக்க வேண்டும். ஆனால் நிலையத்தின் முதலாளி தங்கச்சன் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற ரகம் இல்லை. புதிதாக நாலு பேர் சேர்ந்தால் போதும், "மாஷே, பாவம் பிள்ளைங்க, முதல்லேருந்து தொடங்குங்க" என்பார்; மாஷ் என்றால் அந்த ஊரில் வாத்தியார். பழையவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி 'ஏ'யில் உட்காருவார்கள். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு மழைக்காலத்தில், சேர ஆள் வராததால், 'எம்' வரை போனோம். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்கும் தெரியாது. அன்றன்றைக்கு எடுக்க வேண்டியதை அன்று காலையில்தான் நானே படிப்பேன்.

அக்ரஹாரத் தெருவிலிருந்து வருகிற விசாலம் மட்டும் விடமாட்டாள். ஒரு நாள் 'எஸ்'ஸில் தொடங்கும் வார்த்தை ஒன்றுக்கு அர்த்தம் கேட்டுவிட்டாள். "அது பின்னால் வரும்மா" என்றேன், விழாத சாக்பீஸைக் குனிந்து தேடிக்கொண்டே. அவள் சொன்னாள்: "எல்லாம் பின்னாடி பின்னாடின்னே சொல்றேளே சார், நாங்க அமெரிக்கா போய் இறங்கினப்புறமா வரும்?"

சுவரொட்டி

அந்த மூன்றாவது வருஷம் எதிர்ச்சாரியில் இன்னொரு நிலையம் முளைத்தது. அவர்களுடைய போஸ்டரில் வாத்தியாரின் படம்; பக்கத்தில், அதே பரீட்சையில் அவர் வாங்கிய மார்க், தலையைவிடப் பெரிய எழுத்தில். தங்கச்சன் அதைப் பார்த்துவிட்டு நேராக என் வகுப்புக்கு வந்தார். "மாஷும் பரீட்சை எழுதணும். ஃபீஸ் நான் கட்டுறேன். ரெண்டு மாசத்துல மார்க்கு நம்ம போஸ்டர்ல வரணும்." வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி செல்விக்கு ஐந்தாவது மாசம். வேலை போனால் நாகர்கோவிலில் மாமனாரின் பாத்திரக் கடைதான் கதி. 'மருமகன் எப்ப வேணும்னாலும் வரலாம், குடம் அடுக்க ஆள் தேவைதான்' என்று கல்யாணப் பந்தலில் நாலு பேர் கேட்கச் சொன்ன மனிதர். அந்தக் கடை வாசலை மிதிக்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. தங்கச்சனோ என் கேள்விக்குப் பதிலாக மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்: "மாஷுக்கு ஊர்ல வேற ஜோலி ஒண்ணும் இல்லையா?"

அரிசி டப்பா

இரண்டு மாதத்தில் 'என்' முதல் 'இசட்' வரை. துண்டுக் காகிதங்களில் வார்த்தைகளை எழுதி வீடெல்லாம் ஒட்டினேன். முகம் பார்க்கிற கண்ணாடியில் 'ஓ', அலமாரியில் 'பி', அரிசி டப்பாவில் 'ஆர்'. பல் தேய்க்கும்போது ஐந்து, சட்டை போடும்போது பத்து என்று மனப்பாடம். செல்வி நல்ல பொறுமைசாலி. நான் அடுப்படியில் நின்று முணுமுணுப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா, மந்திரம் ஜெபிக்கிறாரா என்று கேட்டதற்குக்கூட ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "டப்பாவுல ஒட்டியிருந்ததுல ரெண்டு வார்த்தையைக் காணோம், சோத்தைக் கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுங்க."

அனிலின் லீவு லெட்டர்

படித்த வார்த்தைகளை அன்றைக்கே புழங்கிவிட வேண்டும் என்று வகுப்பில் ஒரு சட்டம் போட்டேன். எனக்காகப் போட்ட சட்டம், மாட்டிக்கொண்டது அனில். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் படிக்க வருகிறவன். மாமா கட்டிய புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு ஒரு நாள் லீவு வேண்டும். அன்றைய முப்பது வார்த்தைகளையும் போட்டு மேனேஜருக்கு லெட்டர் எழுதிவிட்டான்.

மேனேஜருக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. நல்ல காரியத்துக்கு எவனும் இவ்வளவு கனமாக எழுத மாட்டான் என்பது மட்டும் விளங்கியிருக்கிறது. அலுவலகத்து ஆட்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி, மலர் வளையத்தோடு மாமா வீட்டிலேயே வந்து இறங்கிவிட்டார். வாசலில் வாழை மரமும் தோரணமும். ஐயோ, எப்படியப்பா சமாளித்தாய் என்று கேட்டேன். அனில் சொன்னான்: "பாயசம் கொடுத்தோம் சாரே, குடிச்சாங்க. வளையத்தை எங்க வைக்கிறதுன்னுதான் யாருக்கும் தெரியலை."

மார்க்கு

சென்னையில் பரீட்சை, கம்ப்யூட்டர் முன்னால். முடித்ததும் திரையிலேயே மார்க் வந்துவிடும். வந்தது. கணக்கில் ஜோராக வாங்கியிருந்தேன். வார்த்தையில், என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைவிட அதிகம் வாங்குவார்கள். திரும்பி வரும்போது ரயில் நாகர்கோவிலில் நின்றது. எப்படியும் வரப்போகிற இடம்தானே, இப்போதே இறங்கிவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். செல்வி காத்துக்கொண்டிருப்பாள் என்பதால் இறங்கவில்லை.

மறுநாள் மார்க்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தங்கச்சனின் மேஜையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். அப்புறம்தான் அவர் மனதிலிருந்த பயத்தை வெளியே சொன்னார். எனக்கு முன்னால் இருந்த மூன்று வாத்தியார்களும் இதே பரீட்சையில் பிரமாதமாக வாங்கினவர்களாம். மூன்று பேரும் பாதி வகுப்பில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டார்களாம். நான் சென்னைக்குப் போன அன்றிலிருந்து அவருக்கும் சோறு இறங்கவில்லையாம். போஸ்டரில் தன் படத்தையே போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்லி, காகிதத்தை மடித்து டிராயரில் பூட்டினார். பூட்டிவிட்டு, பெருமூச்சோடு என் தோளைத் தட்டினார்: "இந்த மார்க்குக்கு மாஷை எந்தக் காலேஜும் விளிக்காது. நாளையிலேருந்து மாஷ் இங்க ஸ்திரம்."

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளை வரிசையாக அமெரிக்காவுக்கு ஏற்றிவிட்டேன், அங்கே போகுமளவுக்கு மார்க் இல்லை என்கிற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு.