கோந்து ஆடிய கடைசி இரண்டு சீசன்

அவனைக் கோந்து என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். காலில் பட்ட பந்து ஒட்டிக்கொள்கிறது என்று பத்தொன்பது வயதில் முதல் கோச் வைத்த பெயர். இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றில் பத்து வருடம் நடுக்களத்தில் ஓடினான். அடித்த கோல் மொத்தமே பதினொன்று. மற்றவர்கள் கோல் அடித்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வரும். படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு இவனுடைய முழங்கை தெரியும். "என் புருஷனோட மூஞ்சிய யாருக்கும் தெரியாது, முழங்கைய ஊருக்கே தெரியும்" என்று மனைவி கிண்டலடிப்பாள். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர்.

இருபத்தொன்பதாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில், ஐந்தடி தூரத்திலிருந்து உதைக்கப்பட்ட பந்து நேராக வலது கண்ணில் விழுந்தது. ஐஸ் வைத்தார்கள். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. மூன்றாம் வாரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் வலது ஓரத்தில் குளியலறைக் கதவு இல்லாததைக் கவனித்தான். தலையைத் திருப்பினான், கதவு அங்கேதான் இருந்தது.

கிளப்புக்குத் தெரியாமல் ஊரின் மறுகோடியில் இருந்த கண் டாக்டரிடம் போனான். விழித்திரை கிழிந்திருந்தது. "மேல கிழியாம லேசர் வச்சு நிறுத்தலாம். போன பார்வை வராது. பந்தாட்டத்த விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

லேசர் வைத்துக்கொண்டான், ஆட்டத்தை விடவில்லை. சீசன் தொடக்கத்தில் கிளப் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். நேர்பார்வைக்குக் குறையில்லை, கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டான். ஓரம் தெரிகிறதா என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

வீட்டில் மறைக்க முடியுமா? சாப்பாட்டு மேசையில் டம்ளர் டம்ளராகக் கவிழ்ந்தது. மனைவி நாலாவது டம்ளரில் பிடித்துவிட்டாள்.

"கிளப்ல சொல்லிடுங்க."

"சொன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். எனக்கு வேற என்ன தெரியும்?"

"யாராவது மேல மோதிட்டா?"

"மோதறது என் பாடு. நான் பாத்துக்கறேன்."

அவளுக்குப் பிறகு தெரிந்த ஒரே ஆள் கோல்கீப்பர். பின்னால் நிற்பவனுக்கு மைதானம் முழுக்கத் தெரியும். இவன் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வரும்: "வலது! வலதுல ஆள்!" ஒரு சீசன் முழுக்க அந்தக் குரலை நம்பியே ஓடினான். "உன் வாய்க்கு லீவே கெடையாதாடா?" என்று மற்றவர்கள் கோல்கீப்பரைக் கேலி செய்தார்கள். அவன் பதிலுக்குச் சிரித்து வைப்பான். தனியாக இருக்கும்போது மட்டும், "இந்த வருஷத்தோட நிறுத்திக்க, மாப்ள" என்பான். இவன் தலையாட்டுவான்.

வருடம் முடிந்தது. இவன் நிறுத்தவில்லை, கோல்கீப்பர்தான் வேறு கிளப்பில் இடம் கிடைத்துப் போய்விட்டான். புதிதாக வந்தவன் வாயைத் திறக்காத ஆள். இவன் கோழி மாதிரிக் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஆடினான். பாஸ்கள் தப்பின. முப்பத்தொரு வயதாகிறதே, கால் தளர்ந்துவிட்டது என்று கோச் நினைத்துக்கொண்டார்.

சீசனின் ஒன்பதாவது ஆட்டம். இரண்டாம் பாதியில் பந்து ஒன்று யாரிடமும் சிக்காமல் துள்ளி இவன் முன்னால் விழுந்தது. ஓங்கி உதைத்தான். கால் பட்டது பந்தில் அல்ல. காய்ந்த குச்சி முறிவது போல ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், எதிரணியின் விங்கர், ஓரமாக ஓடி ஆடும் இருபத்திரண்டு வயதுக்காரன், தன் முட்டிக்குக் கீழே பார்க்கக்கூடாத கோணத்தில் கிடந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலப்பக்கமிருந்து வந்திருக்கிறான். ரெஃப்ரி சிவப்பு அட்டையைத் தூக்கினார். "கெழட்டுக் கொலைகாரா!" என்று கேலரி கத்தியது.

வேண்டுமென்றே செய்யவில்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அதைச் சொன்னால், கண் தெரியாமல் இரண்டு சீசன் ஆடியதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனான். விங்கர் அவனைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். விங்கரின் அக்கா அவனை வெளியே வராந்தாவுக்கு அழைத்து வந்தாள்.

"வேணும்னே பண்ணினீங்களா?"

"இல்லம்மா. பாக்கல."

"பக்கத்துலதானே வந்தான்? எப்படிப் பாக்காம இருப்பீங்க?"

மனைவியிடமும் கோல்கீப்பரிடமும் தவிர யாரிடமும் சொல்லாததை அங்கே, மருந்து வண்டி போக வழி விட்டு நின்றபடி, சொல்லி முடித்தான். சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தான்.

 "அப்போ ஏன் வெளையாடினீங்க?" என்று கேட்டாள் அக்கா.

அவன் படியிறங்கி வெளியே போனான். 

அவள் கால்பந்துச் சங்கத்துக்கு எழுதிப் போட்டாள். விசாரணையில் அவன் எதையும் மறுக்கவில்லை. வாழ்நாள் தடை, கிளப்பும் கைகழுவியது. பயிற்சியாளர் வேலையாவது கிடைக்குமா என்று ஏறி இறங்கிய இடங்களில் பெயரைச் சொன்னதுமே முகம் மாறியது. கடைசியில் மனைவிதான் மேலாளரிடம் கெஞ்சித் தன் சலவைப் பிரிவிலேயே சேர்த்துவிட்டாள். சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கும் வேலை. அங்கே மனைவியை அவனும் மேடம் என்றே கூப்பிட வேண்டும். முதல் வாரம் இருவருக்கும் அது சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

விங்கரின் கால் கூடியது, ஓட வரவில்லை. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டான். எட்டு மாதம் யோசித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் உடைந்த போனை எடுத்துக்கொண்டு போனான்.

விங்கர் நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. போனை வாங்கித் திருப்பிப் பார்த்து, "சாயங்காலம் வாங்க" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

இருட்டுவதற்குள் போனபோது கடையில் அக்கா மட்டும் இருந்தாள். போனை நீட்டினாள்.

"மத்தியானத்துலேர்ந்து அவன் சாப்பிடல. இனிமே இங்க வராதீங்க."

"சரிம்மா" என்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தான். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான்.

"போன் வேலை செய்யுதா?" என்று கேட்டாள் மனைவி.

"செய்யுது" என்றான்.