செவ்வாயில் ராகு காலம்

எனக்குச் செவ்வாய் தோஷம். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு மாட்டுங்கா ஸ்டேஷனில் ரயிலேறியதோடு சரி. அந்தக் கிரகத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ருஷ்யாக்காரன் ஆகாயத்துக்கு ஆள் அனுப்பியிருந்த சமயம். நானும் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில், தமிழர்களைக் கூண்டோடு செவ்வாய்க்கு அனுப்பி ஒரு கதை எழுதினேன்.

போனவர்கள் நம்மவர்கள் அல்லவா? பிராணவாயுவுக்கு முன்னால் பஞ்சாங்கத்தைத்தான் ராக்கெட்டில் ஏற்றினார்கள். அங்கேயும் ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியில் வெண்பொங்கல் உண்டு. ஒரே ஒரு சிக்கல். செவ்வாயில் ஒரு நாள் நம் நாளைவிட அரைமணிக்கு மேல் நீளம். பூமிக் காலண்டரில் தேதி முடிந்த பிறகும் தினம் கொஞ்சம் நேரம் மிஞ்சும். அந்த மிச்ச நேரத்துக்கு ராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை, தோஷமும் இல்லை. தோஷக்காரியான என் கதாநாயகி அதில்தான் தாலி கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து ஒரு மாமி, இன்ஜினீயர் பிள்ளையோடு என்னைப் பார்க்க வந்தாள். இந்தத் தடவை அப்பா உஷார். ஜோசியரைப் பிடித்து, என் ஜாதகத்தில் செவ்வாயை நைஸாக ஒரு கட்டம் தள்ளி உட்கார வைத்திருந்தார்.

மாமி காபியை ஒரு வாய் குடித்தாள். "சங்கத்துப் பத்திரிகையில செவ்வாய்க் கதை எழுதினது நீதானே? அந்தப் பொண்ணுக்கு தோஷம்னு எழுதியிருக்கே. உனக்கும் உண்டோ?"

அப்பா இருமினார். இருமி என்ன செய்ய? எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

"உண்டு மாமி. ஜாதகத்துல மாத்தி எழுதியிருக்கு."

மாமி டம்ளரை ணங்கென்று வைத்தாள். "சலோடா, கிளம்பு!"

அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மாமி, நாலரை ஆயிடுத்து. ராகு காலத்துல வாசப்படி தாண்டலாமோ?"

மாமி கடிகாரத்தை முறைத்தாள். பஞ்சாங்கத்தை மீறுகிற ஜன்மமில்லை. மறுபடி உட்கார்ந்தாள். ஆறு மணிவரை கிளம்பவும் முடியாது, கல்யாணப் பேச்சும் கூடாது. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

இன்ஜினீயர்தான் வாய் திறந்தார். "அந்த மிச்ச நேரத்தைக் கணக்குல எப்படிச் சேர்ப்பா?"

"சேர்க்கமாட்டா. கடிகாரத்தை நிறுத்தி வெச்சுடுவா."

"அப்போ போகப் போகப் பூமித் தேதியோட உதைக்குமே?"

"உதைக்கட்டுமே! இங்கே பொங்கல் வரச்சே அங்கே தீபாவளி. யாரு வந்து பார்க்கப்போறா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் நாங்கள் செவ்வாயைவிட்டு இறங்கவேயில்லை. மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு அடித்தது. மாமி முதல் ஆளாக எழுந்து செருப்பைத் தேடினாள். "வாடா."

அவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"ராகு காலம்தான் போயிடுத்தேம்மா. இனிமே கல்யாணத்தைப் பத்திப் பேசலாமோன்னோ?"