வேகம் தெரியாத வண்டி

மஞ்சக்குப்பத்தில் ஒரு பைக் ஷோரூமில் விற்பனையாளராக இருக்கிறேன். சிதம்பரத்திலிருந்து ஓர் இளைஞன் தன் அம்மாவோடு வந்தான். முன்பக்கம் பாதி உறை போட்ட ‘ஹாஃப் ஃபேரிங்’ வண்டி அவனுக்குப் பிடித்துவிட்டது.

“இந்த மூடி எதுக்குப்பா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“காத்து நெஞ்சுல அடிக்காதும்மா. நூத்திருபதுல போனாலும் வேகமே தெரியாது” என்று பெருமையாகச் சொன்னேன். அன்றே புக் செய்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அவன் ஊன்றுகோலோடு வந்தான். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர் கேட்டான்.

“நீங்க சொன்னது நெசந்தாண்ணா. முட்லூர் வளைவுல வேகமே தெரியல” என்றான், துளியும் கோபமில்லாமல்.

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஸ்கூட்டரின் விலைப்பட்டியலைத்தான் எடுத்து நீட்டினேன்.

இப்போதெல்லாம் அந்த ‘ஹாஃப் ஃபேரிங்’ வண்டியை யார் கேட்டாலும் முதலில் பிரேக்கைப் பற்றித்தான் பேசுகிறேன். பேசும்போதே என் கண் அவர்களுடைய கால்களுக்குப் போய்விடுகிறது.